முதல் முறை பனிச்சறுக்கு போறீங்களா? குல்மார்க், அவுலி, சோலாங்... குறைஞ்ச செலவுல கத்துக்க எது சரியான இடம்?

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. வெள்ளைப் பனியில ஒருத்தர் சர்ருனு சறுக்கிட்டு வந்து ஸ்டைலா நிப்பார். 'வாழ்க்கையில ஒரு தடவையாவது இதைச் செஞ்சு பார்த்துடணும்'னு நமக்கும் தோணும். அதுக்காக சுவிட்சர்லாந்து வரைக்கும் போக வேண்டியதில்லை, நம்ம இமயமலையிலேயே பனிச்சறுக்கு கத்துக்கலாம்.

ஆனா இடத்தைத் தப்பா தேர்வு செஞ்சா, பயணத்துக்கும் ஹோட்டலுக்கும் காசைக் கொட்டிட்டு, ஸ்கீயை மாட்டி ஒரு செல்ஃபி எடுத்ததோட திரும்ப வேண்டியதுதான். அப்போ எதைப் பார்த்து முடிவு பண்றது?

புதுசா கத்துக்கிறவருக்கு என்ன தேவை?

உயரமான சிகரமோ, நீளமான ரோப் காரோ தேவையில்லை. மூணே விஷயம்தான். அகலமான, லேசான சரிவு. அதன் அடியில் நாமளா வேகம் குறைஞ்சு நிக்கிற மாதிரி சமதளம். பொறுமையா சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர்.

முதல் நாள் பாடமே விழுறதும் எழுறதும்தான். ஸ்கீயின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி வைச்சா வேகம் குறையும். இந்த ஒரு பிரேக் கைவரவே நேரம் பிடிக்கும். அதுக்குச் சின்னச் சரிவே தாராளம்.

மேலே ஏற சின்ன லிஃப்ட் இருக்கான்னும் பாருங்க. இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் ஸ்கீயைச் சுமந்துட்டு ஏறணும். இந்த இடங்கள் எல்லாமே ஊட்டியைவிட உயரம். பத்து தடவை ஏறினாலே மூச்சு வாங்கிடும்.

காசு எங்கே கரையுது?

ஸ்கீ-பூட்ஸ் வாடகை, ஜாக்கெட் வாடகை, பயிற்சியாளர் கட்டணம், லிஃப்ட் டிக்கெட்... அங்கே போய் தனித்தனியா கொடுத்தா ஒவ்வொண்ணும் சின்னத் தொகையாதான் தெரியும். நாலு நாளைக்குக் கூட்டிப் பார்த்தாதான் உண்மை புரியும்.

இதுக்கு மாற்று, அரசு நிறுவனங்கள் நடத்துற பயிற்சி வகுப்புகள். தங்குமிடம், சாப்பாடு, கருவிகள், பயிற்சி எல்லாம் பெரும்பாலும் ஒரே கட்டணத்துல அடங்கிடும். நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தா, இதுதான் பொதுவா மலிவு.

குல்மார்க்: கீழே இருக்கும்வரை பாதுகாப்பு

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரம், உயரம் சுமார் 2,650 மீட்டர். கிண்ணம் போல இருக்கும் புல்வெளியில் பனி மூடியதும், லேசான சரிவுகள் கிடைக்கும். சின்ன லிஃப்ட்களும் உண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனம் இங்கேதான் பயிற்சி தருது.

கவனம் தேவைப்படுறது கொண்டோலா ரோப் கார் விஷயத்துல. அதன் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகும். அங்கே இருப்பது சீர்படுத்தாத, செங்குத்தான சரிவுகள். அனுபவசாலிகளுக்கே ஆபத்து. 2023 பிப்ரவரியில் அஃபர்வாட் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டினர் 2 பேர் உயிரிழந்தாங்க. ஸ்கீயோட மேலே போகலாம்னு யாராவது ஆசை காட்டினா, புதியவங்க மறுத்துடுறதே நல்லது.

அவுலி: நல்ல சரிவு, நம்ப முடியாத பனி

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், சுமார் 2,500 முதல் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கு. அகலமான சரிவு, எதிரே நந்தா தேவி சிகரம். மாநில அரசு நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் வகுப்புகளை நடத்துது. கத்துக்கவே போறவங்களுக்கு ஏற்ற இடம்.

ரெண்டு சிக்கல் உண்டு. ஒண்ணு, சில வருஷங்களில் பனி ஏமாத்திடுது. இன்னொண்ணு, ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கியதால, அங்கிருந்து அவுலிக்குப் போகும் ரோப் கார் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதனால சாலை வழி கார் செலவையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.

சோலாங்: போறது மலிவு, கத்துக்கிறது கஷ்டம்

மணாலியிலிருந்து சுமார் 13 கி.மீ. டெல்லியிலிருந்து இரவுப் பேருந்து ஏறினா காலையில மணாலி. மூணு இடங்களில் போய்ச் சேர இதுதான் சுலபம்.

ஆனா பகல் முழுக்க சுற்றுலாக் கூட்டம். ஸ்கீயை மாட்டிவிட்டு, கையைப் பிடிச்சு கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போனா 'ஸ்கீயிங்' முடிஞ்சதுன்னு சொல்றவங்களும் உண்டு. முறையா கத்துக்கணும்னா, மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சி வகுப்பில் சேரலாம். மருத்துவத் தகுதிச் சான்று கேட்பாங்க. ரெண்டு வாரம் லீவும் வேணும்.

எப்போ போகணும்?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், பனியோ போதுமான அளவு விழுந்திருக்காது. 2024 ஜனவரியில் குல்மார்க்கே பெரும்பாலான நாட்கள் பனியில்லாம காய்ஞ்சு கிடந்தது. அதனால பிப்ரவரியைக் குறிவைங்க. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டா எடுத்தா இன்னும் நல்லது.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

• கட்டணத்தில் ஸ்கீ, பூட்ஸ், லிஃப்ட் அடங்குமா?
• ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்?
• ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பனியில் பயிற்சி?
• பனி இல்லைன்னா பணம் திரும்பக் கிடைக்குமா?

உங்க பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்து அடங்குதான்னும் பார்த்துக்கோங்க. ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா உறைஞ்சிடும். தண்ணீர் புகாத பேன்ட் வாடகைக்கே கிடைக்கும். கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன் கட்டாயம்.

அப்போ, எதைத் தேர்வு செய்யலாம்?

நாலு நாள்தான் லீவு இருக்கா? குல்மார்க் போய், தனிப் பயிற்சியாளரோட கீழ்ச் சரிவிலேயே பழகுங்க. ஒரு வாரம் ஒதுக்க முடியுமா? பனி நிலவரத்தை உறுதி செஞ்சுட்டு அவுலி வகுப்பு. எப்படியும் மணாலி டூர் போறீங்களா? சோலாங்கில் ஒரு நாள் ருசி பாருங்க, ஆனா அதைப் பயிற்சின்னு நினைச்சு பெரிய தொகை கொடுத்துடாதீங்க.

எங்கே போனாலும் கணக்கு ஒண்ணுதான்: கொடுக்கிற காசுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சியாளரோட பனியில நிக்கிறீங்க?