அணி உறுப்புகளைச் சீரான இடைவெளியில் தெரிவு செய்தல்

கணினி நிரலாக்கத்தில், ஓர் அணியின் உறுப்புகளுள் ஒரே அளவு தாண்டித் தாண்டி வருவனவற்றை மட்டும் எடுத்தல் சீரிடைவெளித் தெரிவு எனப்படும். தாண்டும் அளவு படி ஆகும். கடலோதம், வானிலை, ஒலி போன்று காலமுறையில் பதிவாகும் தரவுகளைச் சுருக்க இம்முறை பெரிதும் பயன்படுகிறது. முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த தூத்துக்குடித் துறைமுகத்தின் கடல்மட்ட அளவீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

வரையறை

ஒரு தெரிவுக்குத் தொடக்கம், இறுதி, படி ஆகிய மூன்றும் தேவை. ஒரு நாளின் 24 மணிநேர அளவீடுகள் 'அ' என்னும் அணியில் உள்ளன எனக் கொள்க. மூன்று மணிக்கு ஒன்றாக எடுக்கும் முறை மொழிக்கு மொழி வேறுபடும்.

* பைத்தான்: அ[0:24:3] (சுட்டெண் 0இல் தொடங்கும்; இறுதி எண் சேராது)
* போர்ட்ரான் 90: அ(1:24:3) (சுட்டெண் 1இல் தொடங்கும், இறுதி எண்ணும் சேரும்)
* மேட்லேப்: அ(1:3:24) (படி நடுவில் வரும்)

மூன்றிலும் 8 உறுப்புகள் கிடைக்கும். பைத்தானில் படி நேர்ம எண்ணாயின், இறுதியில் இருந்து தொடக்கத்தைக் கழித்து, படியால் வகுத்து, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணாக்கினால் உறுப்புகளின் எண்ணிக்கை கிடைக்கும். படி 5 எனில் 24/5 = 4.8, ஆகவே 5 உறுப்புகள். படி எதிர்ம எண்ணாயின் உறுப்புகள் பின்னிருந்து முன்னாக வரும்.

நினைவகத்தில் செயற்பாடு

பைத்தானின் நம்பை நிரலகம் தெரிவு செய்த உறுப்புகளைப் படியெடுப்பதில்லை; மூல அணியின் மீது ஒரு பார்வையை மட்டும் உருவாக்குகிறது. எனவே பார்வையில் செய்யும் மாற்றம் மூலத் தரவையும் மாற்றிவிடும். பைத்தானின் சாதாரணப் பட்டியலில் புதிய படி உருவாகும். உறுப்பு ஒவ்வொன்றும் 8 பைட்டு எனில், 24ஆம் உறுப்புகளுக்கு இடையே 192 பைட்டு இடைவெளி இருக்கும். பதுக்ககத்தின் ஒரு வரி பெரும்பாலும் 64 பைட்டு என்பதால், ஒவ்வோர் உறுப்புக்கும் புதிய வரியைக் கொணர நேர்ந்து வேகம் குறையலாம்.

போலி அலைவு

30 நாள்களுக்குரிய 720 அளவீடுகளில் இருந்து அ[6::24] என எடுத்தால், நாள்தோறும் காலை 6 மணிக்குரிய 30 மதிப்புகள் கிடைக்கும். ஆனால் நிலவால் உண்டாகும் முதன்மை ஓதத்தின் அலைவு நேரம் 12.42 மணி. அதனால் ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. தெரிவு செய்த மதிப்புகளில் இது 14.77 நாள்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அலையாகத் தோன்றும். சூரியனால் உண்டாகும் 12 மணிநேர ஓதமோ மாறாத எண்ணாகிவிடும். இவ்வாறு தோன்றும் பொய்த்தோற்றம் போலி அலைவு எனப்படும்.

இதனைத் தவிர்க்க, தெரிவுக்கு முன்னர் விரைவான அலைவுகளைச் சராசரியால் வடிகட்ட வேண்டும். நாள் சராசரிக் கடல்மட்டம் காண 39 மணிநேர அளவீடுகளுக்கு எடையிட்டுக் கூட்டும் தூட்சன் வடிகட்டி நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது.

படியைத் தேர்தல்

ஓர் அலையை அறிய, அளவீட்டு இடைவெளி அதன் அலைவு நேரத்தில் பாதிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை சென்னை, தூத்துக்குடி, கொச்சி முதலிய இடங்களின் ஓதமானிகளில் பதிவானது. ஆழிப்பேரலையின் அலைவு நேரம் பொதுவாகச் சில பத்து நிமிடங்களே. 6 நிமிடத்துக்கு ஒன்றாகப் பதிவான தரவில் 40 நிமிட அலை ஒன்று இருப்பதாகக் கொண்டால்:

* படி 2 (12 நிமிடம்): அலையின் வடிவம் ஓரளவு தெரியும்
* படி 3 (18 நிமிடம்): கோட்பாட்டின்படி போதும்; ஆயினும் உச்சி தவறக்கூடும்
* படி 10 (60 நிமிடம்): அலையை அறிய இயலாது

ஆகவே கப்பல்களுக்குரிய ஓத அட்டவணைக்கு மணிநேரத் தரவு போதுமாயினும், 2007இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் போன்றவற்றுக்கு அது போதாது. மூலத் தரவை அழிக்காமல் வைத்து, தேவைக்கேற்பப் படியை மாற்றுவதே பொருத்தமான முறையாகும்.

இவற்றையும் பார்க்க

* அணி (கணினியியல்)
* ஓதம்
* மாதிரியெடுத்தல்