ஆளில்லா வானூர்தியும் பொது வானமும்

அண்ணாந்து பார்ப்போர்க்கு வானம் வெறுவெளியாகவே தோன்றும். ஆயினும் அவ்வெளியில் விமானங்கள் ஏறும் வழியும் இறங்கும் வழியும் உண்டு. இன்ன உயரத்தில் இன்ன திசையிற் செல்க என்னும் கட்டளைகளும் உண்டு. அக்கட்டளைகள் பிறழாது நடைபெறுவதற்கு எளிய காரணம் ஒன்றும் இருக்கிறது. விமானத்தை ஓட்டுபவர் அதனுள்ளேயே அமர்ந்திருக்கிறார். மோதல் நேர்ந்தால் முதலில் அழியக்கூடியது அவருடைய உயிர். டிரோன் என்று நாம் வழங்கும் ஆளில்லா வானூர்தியை இயக்குபவரோ தரையில் நிற்கிறார். மோதல் நேர்ந்தால் அவர் இழப்பது ஒரு பொறி மட்டுமே. டிரோன்களுக்கென எழுந்த விதிகள் பலவற்றையும் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் மாலை, நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவின் அருகே, அமெரிக்கப் படையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று ஏறத்தாழ 300 அடி உயரத்திற் பறந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு சிறு டிரோன் அதன்மீது மோதியது. மேல்விசிறியின் இறகு ஒன்றில் வடு விழுந்தது. ஹெலிகாப்டர் நலமாகவே தரையிறங்கியது. டிரோனின் மோட்டார் ஒன்று உடைந்து ஹெலிகாப்டரிலேயே தங்கியிருந்தது. அதைத் துணையாகக் கொண்டு புலனாய்வாளர் டிரோனுக்கு உரியவரைக் கண்டறிந்தனர். அவர் அப்போது இரண்டரை மைல் தொலைவில் நின்றிருந்தார். டிரோன் அவர் கண்ணுக்கு எட்டவில்லை, ஹெலிகாப்டரும் எட்டவில்லை. அதிகாரிகள் வந்து வினவும் வரையில் மோதல் நிகழ்ந்த செய்தியே அவருக்குத் தெரியாது. அந்நாளில் அப்பகுதியில் டிரோன் பறக்கத் தடை இருந்ததையும் அவர் அறிந்திருக்கவில்லை. கையிலிருந்த கருவியின் செயலியை மட்டுமே நம்பியிருந்தார். அவர் தீயவர் அல்லர். அதனாலேயே இந்நிகழ்ச்சி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விமானி பார்த்து விலகிக்கொள்ளலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் கடக்கும். உள்ளங்கையளவுள்ள டிரோன், அரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே விமானியின் கண்ணிற் பட்டுவிட்டது என்று மிகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவருக்குக் கிடைப்பது ஏழு நொடி. ஓடுபாதையிலும் கருவிகளிலும் கண் பதித்திருக்கும் நேரத்தில் அவ்வேழு நொடி எம்மட்டு? பறவைகளும் விமானத்தில் மோதுவதுண்டே எனலாம். பறவையின் உடல் மென்மையானது. மோதியதும் சிதைந்து பரவிவிடும். மோட்டாரும் மின்கலமும் கெட்டியானவை. மோதிய இடத்தைத் துளைத்துக்கொண்டு போகக்கூடியவை.

ஆகவே வானத்தை உயரத்தால் பங்கிட்டனர். அமெரிக்காவில் டிரோன்கள் பொதுவாக 400 அடிக்குமேல் ஏறலாகாது. ஊர் நெருக்கமற்ற இடங்களில் விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே இறங்கலாகாது. இடையிலுள்ள 100 அடி ஒரு வரப்பைப் போன்றது. ஆனால் ஹெலிகாப்டருக்கு இவ்வரப்பைத் தாண்டும் உரிமையுண்டு. நோயாளியை ஏற்றவும் தீயை அணைக்கவும் அது தாழவே வரவேண்டும். உயரப் பங்கீடு போதாத இவ்விடத்தில்தான் மற்றிரண்டு விதிகள் துணை செய்கின்றன. டிரோன் எப்போதும் இயக்குபவரின் கண்பார்வைக்குள் இருக்கவேண்டும். ஆளேறிய விமானத்துக்கு எங்கும் அதுவே வழிவிட வேண்டும். முதல் விதியை மீறுபவர் இரண்டாவதைக் காக்கவே முடியாது. காணாத ஒன்றுக்கு வழிவிடுவது எங்ஙனம்?

2025ஆம் ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பாலிசேட்ஸ் பகுதியில் பெருந்தீ மூண்டது. கடலிலிருந்து நீரை முகந்து நெருப்பின்மீது சொரியும் விமானங்கள் இரண்டு கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வந்து பணிசெய்து வந்தன. 9ஆம் நாள் அவற்றுள் ஒன்றின் இடச்சிறகில் ஒரு டிரோன் மோதித் துளையிட்டது. அத்துளை மூன்று அங்குலமும் ஆறு அங்குலமும் கொண்ட அளவினது. தீயைக் காணும் ஆவலால், வாகனங்கள் நிறுத்தும் மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியிலிருந்து ஒருவர் அதைப் பறக்கவிட்டிருந்தார். 2,500 மீட்டருக்கும் அப்பால் செலுத்திப் பார்வையினின்று இழந்தார். பின்னர் அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வீடுகள் எரிந்துகொண்டிருக்கும்போது நீர் சுமக்கும் விமானமொன்று பழுதுபார்ப்பதற்காகத் தரையிலே நின்றது. மோதல் நேராவிடினும், தீப்பற்றிய இடத்தில் டிரோன் காணப்பட்டாலே விமானங்களைத் திருப்பியழைக்க வேண்டியதாகிறது.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பகுத்துள்ளன. பச்சையில் 400 அடி வரை முன்னனுமதி வேண்டா. மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடி வரையே பச்சை. 8 கிலோமீட்டருக்கு உட்பட்ட இடத்தில் அந்தச் சலுகையும் இல்லை. கிண்டியில் ஒரு மாடியில் நின்று டிரோன் விட நினைக்கும் மாணவர், மீனம்பாக்கம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை முதலில் நினைக்கவேண்டும்.

250 கிராம் வரை எடையுள்ள டிரோனுக்கும், வணிக நோக்கமின்றி இயக்கும் 2 கிலோகிராம் வரையுள்ள டிரோனுக்கும் இவ்விதிகள் ஓட்டுநர் சான்றிதழ் கேட்பதில்லை. இச்சலுகையை நான் குறைகூற மாட்டேன். பள்ளிச் சிறுவரும் பொறியைக் கையாண்டு கற்கவேண்டும். ஆயினும் சான்றிதழ் வேண்டா என்பதை விதியே வேண்டா என்று கொள்வோர் பலர். மண்டல எல்லையும், ஆளேறிய விமானத்துக்கு வழிவிடும் கடமையும், மிகச் சிறிய டிரோனையும் கட்டுப்படுத்தும்.

ஸ்டேட்டன் தீவில் உரியவரைக் காட்டிக்கொடுத்தது உடைந்த மோட்டார். இன்று அமெரிக்காவில், பதிவு செய்யவேண்டிய டிரோன்கள் பறக்கும்போதே தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலையாற் சொல்லிக்கொண்டே செல்லவேண்டும். வண்டிக்கு எண்பலகை போன்றது இது. பெரும்பாலானவை இயக்குபவர் நிற்கும் இடத்தையும் சேர்த்தே அறிவிக்கின்றன.