கபிலர் கண்ட சிறுகுளம்

பாரி மறைந்தான். பறம்பு நாடு தலைவனை இழந்தது. அந்நிலையிலே கபிலர் பாடிய கையறுநிலைப் பாட்டுக்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் 118ஆம் பாட்டு மிகச் சிறியது. பாறைகளையும் சிறு குவடுகளையும் இணைத்துக் கட்டிய கரை. எட்டாம் நாள் திங்களைப் போல வளைந்த கரை. உள்ளே தெளிந்த நீர். அந்தச் சிறுகுளம் உடைந்துபோகின்றது. பாட்டின் பொருள் இவ்வளவே.

இப்பாட்டைப் பல ஆண்டு படிப்பித்திருக்கிறேன். தலைவன் மறைவுக்குக் குளத்தின் உடைவு ஓர் அடையாளம் என்று கூறி, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது என் வழக்கம். ஒருநாள், வயற் கிராமமொன்றிலிருந்து வந்த மாணவன் எழுந்தான்.

"ஐயா, குளம் ஏன் உடைந்தது? பகைவர் வெட்டிவிட்டார்களா?"

"இல்லை, பார்ப்பார் இல்லை, அதனால் உடைந்தது" என்றேன்.

"அப்படியானால் எங்கள் ஊர்க் குளத்தை யார் பார்க்கிறார்கள், ஐயா?"

வகுப்பிலே எனக்கு விடை கிடைக்கவில்லை. பின்னர் தேடிக் கண்டதையே ஈண்டு எழுதுகின்றேன்.

திருகோணமலை துறைமுகத்தாற் பெயர்பெற்றது. ஆயினும் இம்மாவட்டத்துக்குச் சோறிடுவது குளமே. தம்பலகாமத்து வயல்களுக்கு நீர் தரும் கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டனோடு சேர்த்துப் போற்றுவது கோணேசர் கல்வெட்டு. பெருங்குளத்துக்குப் பாட்டும் உண்டு, பதிவேடும் உண்டு. சிறுகுளத்துக்கோ ஊரார் நினைவொன்றே துணை. 80 ஹெக்டேர், அஃதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை நீர் பாய்ச்சுவனவற்றைச் சிறுகுளங்கள் என வகுத்திருக்கின்றனர்.

அளவிற் சிறியதெனினும் அதன் பயன் சிறியதன்று. குளம் தோண்டுதல், மரம் நடுதல், வழி அமைத்தல், வயல் ஆக்குதல், கிணறு தோண்டுதல் ஆகிய ஐந்தையும் சிறுபஞ்சமூலம் ஓரிடத்தே வைத்து அறம் என்கிறது. குளத்தருகே வாழ்ந்தவனுக்கு இவை ஐந்தல்ல, ஒன்றே என்பது விளங்கும். குளத்தில் நீர் நின்றால் ஊர்க் கிணறு ஊறும், கரைமரம் தழைக்கும், வயல் விளையும், மாடு குடிக்கும், மீன் கிடைக்கும். ஒரு குளத்தின் மிகுநீர் கீழ்க்குளத்துக்குப் போகும் தொடர்முறை நம் உலர் வலயத்தின் பழஞ்செல்வம். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அதனை உலக வேளாண்மை மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. ஆனால் அத்தொடரில் ஓர் ஆபத்தும் உண்டு. மேற்குளம் உடைந்தால் அதன் வெள்ளம் கீழ்க்குளத்தின் கட்டையும் தாக்கும்.

மண்கட்டு எவ்வாறு உடைகின்றது? பெரும்பாலும் இருவழி. ஒன்று, நீர் கட்டின் மேலாக வழிந்து மண்ணை அரித்தல். வான் அடைபட்டிருந்தாலும், இன்னும் ஒரு முழம் நீர் நிற்கட்டுமென்று வானின்மேல் மண்மூடை அடுக்கினாலும் இது நேரும். ஆசையால் அடுக்கிய மூடை ஊரையே அழித்துவிடும். மற்றது, கட்டின் உள்ளே நீர் வழி தேடுதல். கறையான் புற்று, முள்ளம்பன்றி வளை, வெட்டிய மரத்தின் உக்கிய வேர், மதகோரத்து வெடிப்பு ஆகியன அதற்கு வாயில். கட்டின் அடியிலே கசியும் நீர் தெளிவாயிருந்தால் கவனிக்க வேண்டும். கலங்கியிருந்தால் அஞ்ச வேண்டும். கலங்கல் என்பது கட்டின் மண் உள்ளிருந்து கரைந்து வருவதன் அடையாளம்.

பெருங்குளமும் இதற்கு விலக்கன்று. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியுமுன், கந்தளாய்க் கட்டு உடைந்தது. உறங்கியவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கான வீடுகளும் வயல்களும் பாழாயின. அன்று பெருமழை இல்லை, பகைவரும் வெட்டவில்லை. கட்டின்மேல் பாரமான வாகனங்கள் ஓடியமை ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

இனி, குளத்தின் பாதுகாப்பை மதிப்பிடும் முறைக்கு வருவோம். பொறியியலார் இரண்டு வினாக்களைத் தனித்தனியே கேட்கின்றனர். இக்கட்டு எந்நிலையில் உள்ளது என்பது ஒன்று. இது உடைந்தால் யாருக்கு என்ன கேடு என்பது மற்றது. நாமோ இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறோம். காட்டு நடுவே இடிந்து கிடக்கும் கட்டு நிலையிற் கெட்டது. ஆனால் உடைந்தால் உயிர்க்கேடு அரிது. பள்ளிக்கூடத்துக்கு மேலே உறுதியாய் நிற்கும் கட்டு நிலையில் நல்லது. ஆயினும் உடைந்தால் வரும் கேட்டை நோக்கி அது முதல் வகுப்பில் வைக்கப்படும். அது பழிச்சொல் அன்று. கூடுதலாகக் கவனி என்னும் எச்சரிக்கை. அன்றியும், கட்டு மாறாதிருக்கவே வகுப்பு மாறலாம். நேற்று வயலாயிருந்த இடத்தில் இன்று வீடுகள் எழுந்தால், அதே குளம் அபாயக் குளமாகிவிடும்.

உலகப் பேரணை ஆணைக்குழு 15 மீற்றரும் அதற்கு மேலும் உயர்ந்தவற்றைப் பேரணை என்கிறது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டமும் உயர்ந்த அணைகளையே நோக்கியது. ஆளுயரத்துக்குச் சற்று மேலான நம் ஊர்க்கட்டு இத்தகைய ஏடுகளில் ஏறுவதில்லை. ஆகவே அதற்குக் காவல் ஊரே. மாரிக்கு முன் பற்றை வெட்டுதல், வளைகளை அடைத்தல், மாடு ஏறித் தாழ்ந்த இடத்தை உயர்த்துதல், வானைத் திறந்து வைத்தல் ஆகியன பெரும்பணம் கேளா வேலைகள். கேட்பது ஆளை.

அந்த ஆள்தான் நம் நாட்டில் இல்லாமற் போனான். 2009இல் முடிந்த போரின்போது ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. மதகைத் திறப்பாரும் கட்டைப் பார்ப்பாருமின்றிக் குளங்கள் பல காடாயின. பறம்பின் கதை நம் கண்முன் நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வாப் புயலின் வெள்ளத்தில் மாவிலாற்றுக் கட்டு உடைந்தபோது, நம் மாவட்டம் மீண்டும் அதே பாடத்தைப் படித்தது.

அம்மாணவனுக்கு இப்பொழுது விடை சொல்வேன். "தம்பி, உன் குளத்தைப் பார்க்க வேண்டியவன் நீ. மாரிக்கு முன் ஒருநாள் கட்டின் அடியோரமாக நடந்து பார். கசியும் நீர் கலங்கியிருந்தால் அன்றே கமநல அலுவலகத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் அறிவி."

கபிலர் அச்சிறுகுளத்தின் உடைவைப் பாட்டாக்கினார். நமக்கு அஃது இலக்கியம். குளத்துக்குக் கீழே உறங்கும் குழந்தைக்கோ, உடையாத குளமே வேண்டும்.