புதிய பதிப்பு வெளிவரும் முன்னே

கையடக்கத் தொலைபேசியில் "புதிய பதிப்பு வந்துள்ளது" என்று ஓர் அறிவித்தல் வந்தால், விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ஒரு தட்டுக்குப் பின்னால் பலருடைய பல மாத உழைப்பும் விவாதமும் இருப்பது நமக்குத் தெரிவதில்லை. திறந்த மூல மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு எவ்வாறு திட்டமிடப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். அதில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

ஒரு மென்பொருளின் மூல நிரலை எவரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று உரிமம் வழங்கப்பட்டிருந்தால் அது திறந்த மூல மென்பொருள். லினக்ஸ், பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை ஆக்குவோர் பல நாடுகளில் இருப்பார்கள். அவர்களில் அநேகர் தன்னார்வலர்கள். ஒருவரையொருவர் நேரில் காணாதவர்கள் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டுமானால், திட்டம் இல்லாமல் முடியாது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரங்களைத் தாக்கியபோது 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காணாமற்போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்ற விபரங்கள் சிதறிக் கிடந்தன. அப்போது இலங்கையின் கணினித் துறையினர் தன்னார்வலர்களாகத் திரண்டு, லங்கா மென்பொருள் மன்றத்தின் துணையோடு சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். அதன் பெயர் சஹானா. சிங்களத்தில் 'நிவாரணம்' என்பது அதன் பொருள்.

முதற் பதிப்பு அவசரத்தில் பிறந்தது. அன்றைய தேவைக்கு அது உதவியது. ஆனால் வேறொரு நாட்டில் வேறோர் அனர்த்தம் வந்தால் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. எனவே அதை ஆக்கியவர்கள் நிதானமாக உட்கார்ந்து, எந்த அனர்த்தத்துக்கும் பொருந்தும் வகையில் அடுத்த பதிப்பைத் திட்டமிட்டு மீள எழுதினார்கள். சஹானா 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலன் விருதும் அதற்குக் கிடைத்தது. பின்னர் பைத்தன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட சஹானா, 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது கைகொடுத்தது. அவசரத்தில் செய்ததோடு நிறுத்தியிருந்தால் அது நம் நாட்டு எல்லையைத் தாண்டியிராது.

ஒரு பதிப்பைத் திட்டமிடுவது என்றால் என்ன? முதலாவது வேலை, எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது. ஆளாளுக்கு ஒரு யோசனை இருக்கும். எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் எதுவும் முடியாது. ஆகவே இந்தப் பதிப்பில் இவை, மற்றவை அடுத்த பதிப்பில் என்று பட்டியல் போடுகிறார்கள்.

இரண்டாவது, திகதி. இதில் இரண்டு வழிகள் உண்டு. உபுண்டு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வெளிவரும். அதன் எண்ணே ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும். 24.04 என்றால் 2024 ஏப்ரல். டெபியனோ ஆயத்தமான பின்புதான் வெளிவரும். அதன் 3.0 பதிப்பு 2002 ஜூலையிலும் 3.1 பதிப்பு 2005 ஜூனிலும் வந்தன. இடையில் ஏறக்குறைய மூன்று வருடங்கள்! திகதி வைத்து வேலை செய்யும் உபுண்டுவும் ஒரு தடவை பிந்தியது. 2006 ஏப்ரலில் 6.04 ஆக வரவேண்டியது, இன்னும் மெருகேற்ற வேண்டும் என்பதற்காக ஆறு வாரங்கள் தள்ளிப்போடப்பட்டு, ஜூனில் 6.06 ஆக வந்தது. தள்ளிப்போடுவதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் அது திட்டத்தின் ஒரு பகுதிதான்.

மூன்றாவது, உறைநிலை. குறித்த ஒரு நாளுக்குப் பிறகு புதிய அம்சம் எதுவும் சேர்க்கப்படாது, பிழை திருத்தம் மட்டுமே நடக்கும். பெருநாள் நெருங்கும்போது ஊரில் உடுப்புத் தைக்கும் மாமிமார் ஒரு கட்டத்துக்கு மேல் புதுத் துணி எடுக்க மாட்டார்கள். நமக்குக் கோபம் வரும். ஆனால் அவர்கள் அப்படி மறுக்காவிட்டால் பெருநாள் காலையில் பத்துப் பேருக்குக் கை பூட்டாத சட்டைதான் கிடைக்கும். லினக்ஸ் கருவிலும் இதே ஒழுங்குதான். முதல் இரண்டு வாரங்கள் புதியவற்றை ஏற்றுக்கொள்வார்கள். அதன்பின் வாரத்துக்கொரு சோதனைப் பதிப்பு வெளியிட்டுப் பிழைகளைத் திருத்துவார்கள். ஒன்பது, பத்து வாரங்களில் புதிய பதிப்பு ஆயத்தமாகிவிடும்.

நான்காவது உறைநிலை எங்களுக்கு மிக முக்கியமானது. அது திரையில் தோன்றும் சொற்களுக்கானது. ஒரு நாளுக்குப் பிறகு மென்பொருளின் ஆங்கிலச் சொற்களை எவரும் மாற்றக் கூடாது. அப்போதுதான் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தமிழில் எழுதி முடிக்க அவகாசம் கிடைக்கும். கடைசி நேரத்தில் பத்து வாக்கியங்களை மாற்றிவிட்டால் தமிழ்த் திரையில் அந்தப் பத்தும் ஆங்கிலத்திலேயே நிற்கும். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, இயக்கியும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும், தமிழில் கடைசியில் வரும். நிரல் சொற்களை ஒட்டிப் போட்டிருந்தால் "அழி கடிதம்" என்று தலைகீழாக நிற்கும். ஆங்கிலத்தில் சிறு சொல்லுக்காக அமைத்த பொத்தானில் நம் சொல் பாதியோடு வெட்டுப்படும்.

இதெல்லாம் சின்ன விடயமா? சஹானா போன்ற ஒரு மென்பொருளை நினைத்துப் பாருங்கள். காணாமற்போன மகளைத் தேடி முகாமுக்கு வரும் ஒரு தாய், தனக்குத் தெரிந்த மொழியில்தான் விபரம் சொல்லுவார். நம் பெயர்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிபடாதவை. பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என்று ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுகிறோம். தந்தவர் ஒரு விதமாகவும் தேடுபவர் இன்னொரு விதமாகவும் எழுதினால், பிள்ளை அடுத்த முகாமில் இருந்தும் கணினி "இல்லை" என்று சொல்லக்கூடும். இதை முன்கூட்டியே சோதித்துச் சொல்ல அந்தப் பெயர்களோடு வாழும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

இறுதியாக, சோதனை முடிந்ததும் பதிப்புக்கு எண் இடுவார்கள். 2.4.1 போன்ற எண்ணில் முதல் இலக்கம் பெரிய மாற்றத்தையும், இரண்டாவது புதிய வசதிகளையும், மூன்றாவது பிழை திருத்தத்தையும் குறிப்பது பல செயற்றிட்டங்களில் வழக்கம். என்ன மாறியது, என்ன பிழை இன்னும் மீதம் என்று ஒரு குறிப்பும் எழுதுவார்கள். மீதமுள்ள பிழையை மறைக்காமல் எழுதுவது இத்துறையின் நல்ல பழக்கங்களில் ஒன்று.

இவ்வளவு கவனம் ஏன்? பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, நம் உக்குவளை மின் நிலையத்தை இயக்கிவிட்டுச் சுது கங்கையில் சேர்கிறது. திறந்துவிட்ட தண்ணீரைத் திரும்ப அழைக்க முடியாது. கீழே இருப்பவற்றை ஆயத்தம் செய்துவிட்டே மேலே திறக்க வேண்டும். வெளியிட்ட மென்பொருளும் அப்படித்தான். அது எத்தனை பேரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வெளியிட்டவருக்கே தெரியாது.

அதேவேளை, நன்கு திட்டமிட்ட அடித்தளம் இருந்தால் அவசரத்திலும் விரைவாக இயங்கலாம். 2020 ஜனவரியில் கொரோனா பரவத் தொடங்கியபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ் 2 என்ற திறந்த மூலச் சுகாதார மென்பொருளை இலங்கையர்கள் நாட்டுக்குள் வருவோரைக் கண்காணிக்கும் வகையில் மாற்றியமைத்தார்கள். அந்த முயற்சியைப் பின்பற்றி ஒஸ்லோக் குழு வெளியிட்ட பொதியைப் பல நாடுகள் பயன்படுத்தின.

சகோதரிகளே, மென்பொருள் என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். பட்டியல் போட, பிழை கண்டுபிடிக்க, வழிகாட்டிக் குறிப்பு எழுத, தமிழாக்க ஆட்கள் தேவை. கலைப் பிரிவில் தமிழ் படிப்பவருக்கும் அங்கே வேலை உண்டு. பயர்பொக்ஸுக்குப் பொன்டூன், லிப்ரே ஒபிஸுக்கு வெப்லேட் என்ற தளங்களில் பெயரைப் பதிந்து ஒரு சொல்லில் இருந்தே தொடங்கலாம். பெற்றோர்களே, மகள் கணினி முன் இருந்தால் நேரம் வீணாகிறது என்று உடனே முடிவுகட்டாமல், என்ன செய்கிறாய் மகள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மண்சரிவு எச்சரிக்கை வரும் மலைப் பிரதேசத்தில் நாம் வாழ்கிறோம். அடுத்த அனர்த்தத்தின்போது திறக்கப்படும் திரையில் தமிழ் முழுமையாக இருக்குமா என்பது, அதற்கு முந்திய அமைதியான மாதங்களில் யார் உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.