‘வாஸ்டி’: ஷேக்ஸ்பியரின் பெருவெளிச் சொல்

‘வாஸ்ட்’ என்றால் ஆங்கிலத்தில் பரந்து விரிந்த என்று பொருள். செய்தித்தாளிலும் பேச்சிலும் அன்றாடம் புழங்கும் சொல். அதன் வாலில் ஓர் இகரம் சேர்ந்தால் ‘வாஸ்டி’. பொருள் ஏறக்குறைய அதுவேதான். ஆனால் இலக்கியத்துக்கு வெளியே இதைக் காண்பது அரிது. அகராதிகள் வழக்கொழிந்த சொல் என்றே குறிக்கின்றன. ஆங்கில இலக்கியம் பயிலும் சீன மாணவருக்கு இந்த ஒரு சொல்லை நிதானமாகச் சொல்லித்தர வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் வேல்ஸ் நாட்டுத் தலைவன் கிளெண்டவர், ஆழத்திலிருந்து ஆவிகளை வரவழைப்பேன் என்கிறான். அந்த ஆழத்துக்கு அடைமொழி வாஸ்டி. எவரும் அழைக்கலாம், அழைத்தால் அவை வருமா என்று அவனுடைய கூட்டாளி ஹாட்ஸ்பர் மடக்குகிறான். ‘வெனிஸ் வணிக’னில் இதே அடைமொழி அரேபியப் பாலைக்கு, ‘ஐந்தாம் ஹென்றி’யின் தொடக்கத்தில் பிரான்ஸின் களங்களுக்கு. ஓரசைச் சொல் ஈரசையாவதால், பத்து அசை கொண்ட அடியில் சந்தமும் இடறாமல் ஓடுகிறது.

சீன மொழியில் பரப்பைச் சொல்லும் சொற்கள் தமக்கு ஏற்ற பெயர்ச்சொல்லைத் தேடிச் சேரும். ‘ஹாவ்ஹான்’ என்பதன் இரண்டு எழுத்துகளிலும் நீரைக் குறிக்கும் உறுப்பு உண்டு. கடலுக்கு இயல்பாகப் பொருந்தும். விண்மீன் வெளிக்கும் பெருந்தொகையான நூல்களுக்கும்கூட விரியும். புல்வெளிக்கும் நாட்டின் நிலப்பரப்புக்கும் ‘லியாவ்குவோ’. வாஸ்டி என்றால் ஹாவ்ஹான் என்று மனப்பாடம் செய்தவர் பிரான்ஸின் களங்களுக்கு வந்ததும் தடுமாறுவார். வேறொன்றும் உண்டு. மூலமான லத்தீன் சொல்லுக்கு வெறுமை, பாழ் என்றும் பொருள். பேரழிவைக் குறிக்கும் ‘டெவஸ்டேஷன்’ அதே வேரில் பிறந்தது. அந்தப் பாழின் அச்சம் கிளெண்டவரின் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு, எல்லையும் உருவும் தெளியாத பரப்பைச் சொல்லும் ‘மாங்மாங்’ நெருங்கி வரும் என்பது என் எண்ணம்.

ஒலியிலும் சிக்கல் உண்டு. மாண்டரினில் ஆங்கில ‘வி’ ஒலி கிடையாது. அசையின் இறுதியில் இரண்டு மெய்கள் சேர்ந்தும் வராது. சிலர் ‘வாஸ்ட்’டின் முடிவிலேயே ஓர் உயிரொலியை ஒட்டிவிடுவார்கள். அப்போது இரண்டு சொற்களும் காதுக்கு ஒன்றாகிவிடும்.

ஷேக்ஸ்பியரைச் சீன உரைநடையில் தந்த ஜூ ஷெங்ஹாவ் 31 நாடகங்களை முடித்து, ‘ஐந்தாம் ஹென்றி’ பாதியில் நிற்க, 1944-இல் தம் 32-ஆம் வயதில் காலமானார். உரைநடைக்குப் பத்து அசைக் கணக்கு இல்லை. ஆகவே அந்த இகரத்தின் வேலை மொழிபெயர்ப்பில் தெரியாது. அதற்கு மூலத்தையே வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

கட்டுரையோ மின்னஞ்சலோ எழுதும் மாணவருக்கு ‘வாஸ்ட்’ போதும். ‘வாஸ்டி’யைச் சொற்பட்டியலில் படிக்காதீர்கள், ஆழம், பாலை, போர்க்களம் என்ற அந்த மூன்று இடங்களிலும் வைத்துப் படியுங்கள்.