ஹார்வர்ட் ஏன் உறுமுகிறது?

திருப்போரூர் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகசத்தைப் பார்த்தவர். "ரஃபேல், சுகோய் காதைப் பிளப்பது புரிகிறது. ஆனால் ஹார்வர்ட் என்ற அந்தக் காலத்து விசிறி விமானம் ஏன் அப்படி உறுமுகிறது? தாம்பரத்திலிருந்து பறந்து பழகும் கிரண் ஜெட்டையும் ஒருநாள் இப்படிப் புதுப்பித்துப் பறக்கவிடுவார்களா?"

பழைய விமானம் என்றாலே 'உலகப் போரின் போர்விமானம்' என்று தலைப்பு போட்டுவிடுவது நம் வழக்கம். ஹார்வர்ட் அதுவல்ல. போர்விமானத்துக்குப் போகும் முன் பையன்களைப் பழக்கிய பயிற்சி விமானம். 1930களில் வடிவமைத்த அமெரிக்கச் சரக்கு. பல பெயர்களில் 15,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். நம் விமானப்படையில் 1970கள் வரை இருந்தது. வாசகர் சொல்லும் தாம்பரத்துக்கு விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954இல் அம்பாலாவிலிருந்து வந்தது. வரலாறு இவ்வளவு போதும், சத்தத்துக்கு வருவோம்.

முன்னால் இருப்பது 600 குதிரைத்திறன் கொண்ட, ஒன்பது சிலிண்டர் பிராட் அண்ட் விட்னி வாஸ்ப் இஞ்சின். அதற்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே கியரே கிடையாது. இஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறதோ அதே வேகத்தில் புரொப்பெல்லரும் சுற்ற வேண்டும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,250 சுற்று, அதாவது நொடிக்கு 37.5. புரொப்பெல்லரின் விட்டம் சுமார் 9 அடி. பிளேடின் நுனி ஒரு சுற்றுக்கு எட்டரை மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 323 மீட்டர். விமானம் முன்னால் போகும் வேகத்தையும் சேர்த்தால் 328 பக்கம் வரும். ஒலியின் வேகத்துக்கு மிக அருகில்!

அருகில் போனால் என்ன ஆகும்? பிளேடு காற்றைத் தள்ளுகிறது. தள்ளிய செய்தி ஒலியின் வேகத்தில்தான் முன்னால் போகும். பொங்கல் விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் ஞாயிறு இரவில் பரனூர் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் கார் நகர்வதற்குள் அடுத்த கார் வந்து பம்பரை முட்டுகிறது. இடைவெளி சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் இரும்புச் சுவர் மாதிரி ஒரு வரிசை. ஃபாஸ்டேக்கில் பணமில்லாத ஒருவர் தடுமாறுகிறார், பின்னால் அரசு விரைவுப் பேருந்து ஹார்ன் அடிக்கிறது, வரிசை இன்னும் இறுகுகிறது. (நடுவில் புகுந்து வெள்ளரிப் பிஞ்சு விற்பவருக்கு இயற்பியலில் வேலை இல்லை, ஆனால் அவர் இல்லாத பரனூரை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.) பிளேடு நுனிக்கு முன்னால் அழுத்த அலைகளும் இப்படித்தான் நெருக்கியடித்துச் செங்குத்தாகின்றன. இரண்டு பிளேடு, நொடிக்கு 37.5 சுற்று: காதில் விழுவது நொடிக்கு 75 அறை. 75 அதிர்வு என்பது தாழ்ந்த சுருதிதான். ஆனால் அறை கூர்மையாக விழுவதால் அதன் மடங்குகளான 150, 225, 300 என்று மேல் சுருதிகள் எல்லாம் கூடவே எழுகின்றன. வெறும் ரீங்காரம் உறுமலாவது அதனால்தான்.

இந்தச் சத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போவதும் இல்லை. புரொப்பெல்லர் சுழலும் தளத்தில்தான் அதிகம். விமானம் நேர் எதிரே வரும்போது அடக்கமாக இருந்து, பக்கவாட்டில் கடக்கும்போது திடீரென்று அலறுவது இதனால். கிளம்பி மேலே ஏறியதும் விமானி லீவரை இழுத்து 1,850 சுற்றுக்குக் குறைத்தால் நுனியின் வேகம் 270க்குக் கீழே இறங்கிவிடும், உறுமலும் அடங்கிவிடும். ஆகவே மெரினா மணலில் நின்றவர்களைவிட, விமானம் கிளம்பும் ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கே முழுக் கச்சேரி. இப்போது தாம்பரத்திலிருந்து பறக்கும் பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் இஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கியர் அதைக் குறைத்துத்தான் புரொப்பெல்லருக்குக் கொடுக்கிறது. சமர்த்தான விமானம், சத்தத்தில் சுவாரஸ்யம் இல்லை.

எனக்குப் பிடித்த விஷயம் நம் வெயில். ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். 33 டிகிரியில் நொடிக்கு 351 மீட்டர். டெல்லியில் ஜனவரிக் காலையின் 7 டிகிரியில் 335. அதே 328 மீட்டர் நுனி வேகம் அங்கே ஒலியின் வேகத்தில் 98 சதவீதம், இங்கே 93. இந்தக் கடைசிச் சில சதவீதத்தில்தான் சத்தம் கிடுகிடுவென ஏறுகிறது. சென்னைக்காரர்கள் கேட்டது கொஞ்சம் தணிந்த உறுமல்தான். 'ஒலித்தடையை உடைத்த புரொப்பெல்லர்' என்று யாராவது வீடியோவுக்குத் தலைப்பு வைத்தால் நம்ப வேண்டாம்.

இனி கிரண் பயிற்சி ஜெட். முதலில் பறந்தது 1964 செப்டம்பர் 4. விமானப்படையின் சூரியகிரண் குழு 1996 முதல் 2011 வரை சாகசம் காட்டியது இதில்தான். பயிற்சிக்கு ஜெட் போதாமல் போகவே அந்தக் குழுவையே நிறுத்திவைத்து விமானங்களை எடுத்துக்கொண்டார்கள். புதுப்பிக்க முடியாததல்ல. கிரணின் முதல் ரகத்தில் இருக்கும் வைப்பர் இஞ்சின் வகையைத்தான் பிரிட்டனின் ஜெட் புரொவோஸ்டும் பயன்படுத்தியது; அங்கே தனியார் சிலர் அதைப் பழுதுபார்த்துப் பறக்கவிடுகிறார்கள். சுட்டு வீழ்த்துவதற்கென்றே செய்த ஜிண்டிவிக் என்ற ஆளில்லா இலக்கு விமானத்துக்காக, சில மணி நேரம் ஓடினால் போதும் என்று வடிவமைத்த இஞ்சின் அது என்பது தனி வேடிக்கை.

ஆனால் கணக்கு வேறு. வாஸ்ப் இஞ்சின் அமெரிக்காவில் பயிருக்கு மருந்தடிக்கும் விமானங்களிலும் ஓடியது. உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. ஜெட்டின் டர்பைன் பிளேடுகளோ சூட்டிலும் சுழற்சியிலும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு கழற்றிப் போட்டே ஆக வேண்டும். போதாததற்கு கிரணில் விமானி வெளியே பாயும் இருக்கை. அதை உந்தும் வெடிமருந்துத் தோட்டாக்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. ஒருமுறைகூட வெடிக்காவிட்டாலும் மாற்ற வேண்டும். ஹார்வர்டில் அந்த இருக்கையே கிடையாது. வருஷத்துக்கு இரண்டு கண்காட்சிக்காக அந்தத் தோட்டாக்களை வாங்கிக்கொண்டே இருக்க எந்தத் தணிக்கை அதிகாரியும் சம்மதிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.