ஆறு கடக்கும் மலையேற்றமா? தோட்டத்துச் சப்பாத்தை மறக்காதீர்கள்

பைராம் தோட்டம் போன்ற இடங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கருப்பு ரப்பர் சப்பாத்து புதிதல்ல. பால்மரம் வெட்டப் போனவர்களின் காலில் இருந்தது அதுதான். இன்று ‘அடிடாஸ் கம்போங்’ என்ற கேலிப் பெயருடன் மலையேறிகள் அதைத் தேடி வாங்குகிறார்கள். அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. விலையைப் பார்த்தாலே தெரியும்.

நிபோங் திபாலில் உள்ள புக்கிட் பஞ்சோர் மாநிலப் பூங்கா போல, ஓடைகள் ஓடும் காடுகளில் இதன் அருமை புரியும். தோல் காலணி நீரை உறிஞ்சிக் கனக்கும். நீர்புகாக் காலணியிலும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் உள்ளே தேங்கிவிடும், எளிதில் காயாது. முழுக்க ரப்பராலான இதைக் கழற்றிக் கவிழ்த்தால் போதும். அடியிலுள்ள குமிழ்கள் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அடிப்பாகம் மெல்லியது, கல் உறுத்தும். தடித்த, நீண்ட காலுறை அவசியம். அட்டைக்கும் அது தடுப்பு. அந்தக் காலுறையோடு போட்டுப் பார்த்தே அளவு வாங்குங்கள்.

நனையக்கூடாதென்று சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் ஆற்றில் இறங்குபவர்கள் உண்டு. பாசிக் கல்லில் வழுக்குவதும் கால் கிழிவதும் அப்போதுதான்.

தண்ணீர் திடீரெனக் கலங்கி, இலை குச்சிகளை அடித்துக்கொண்டு வந்தால் அது ‘கெப்பாலா ஆயர்’. மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். அப்போது எந்தச் சப்பாத்தும் உதவாது. உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும்.